நூற்பாலையில் உருவான அணி

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் நாடுகளின் பெயராலேயே எழுதப்பட்டு வருகிறது. இன்ன ஆண்டில் இன்ன நாடு வென்றது என்று ஏடுகள் கூறும். ஆயினும், நாட்டின் கொடியை ஏந்தி அரங்கினுள் நுழைவோர் அதற்கு முன்பு ஏதேனும் ஒரு கழகத்தில் பல்லாண்டுகள் பயின்றவர்களாகவே இருப்பர். ஒரே கூடத்தில் ஆடி, ஒரே பந்தியில் உண்டு, ஒருவர் குறையை மற்றவர் அறிந்து பழகிய அச்சிறு கூட்டத்தின் கதை, வெற்றிச் செய்தியின் ஆரவாரத்தில் மறைந்துபோவது வழக்கம். கைப்பந்து என்றும் வாலிபால் என்றும் நாம் வழங்கும் ஆட்டத்தில், அவ்வாறு மறைக்க இயலாதபடி உலகை வியக்கச் செய்த கழகம் ஒன்று உண்டு. அது ஜப்பான் நாட்டு நூற்பாலை ஒன்றின் மகளிர் அணியாகும்.

1960-61-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐரோப்பாவில் மகளிர் கழகங்களுக்கென ஒரு கோப்பைப் போட்டி தொடங்கப்பெற்றது. ஒவ்வொரு நாட்டிலும் முதலிடம் பெற்ற கழகங்கள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும், தோற்ற கழகம் விலகிவிடும், வென்றது மேற்செல்லும். அம்முதற் கோப்பையை மாஸ்கோ நகரின் டைனமோ கழகம் வென்றது. பின்னரும் பலமுறை வென்று, மொத்தம் 11 முறை அக்கோப்பையைத் தனதாக்கிக் கொண்டது. ஐரோப்பாவில் தனக்கு நிகரில்லை என்று சோவியத் மகளிர் ஆட்டம் ஓங்கி நின்ற அதே காலத்தில்தான், அதனை வெல்லும் நோக்குடன் ஒசாக்கா மாநிலத்துக் கைஸுகா என்னும் ஊரில் இரவுதோறும் விளக்கெரிந்து கொண்டிருந்தது.

அக்கதைக்குள் நுழையுமுன் இவ்வாட்டத்தின் பிறப்பைச் சிறிது நினைவுகூர்தல் நலம். 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோலியோக் என்னும் ஆலை நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன் இதனை வகுத்தார். கூடைப்பந்தின் மோதலையும் ஓட்டத்தையும் தாங்க இயலாத நடுவயதினருக்கு ஏற்ற மெல்லிய விளையாட்டு ஒன்று வேண்டும் என்பதே அவர் கருத்து. அச்சங்கத்தினரே இதனை ஆசியாவுக்குக் கொணர்ந்தனர். நம் நாட்டிலும் இது அவ்வழியே பரவிற்று. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய வாலிபர் சங்க உடற்பயிற்சிக் கல்லூரியின் பெயரை அறியாத தமிழ்நாட்டு உடற்பயிற்சி ஆசிரியர் இலர் எனலாம்.

ஆசியாவுக்கு வந்த ஆட்டம் சில மாறுதல்களை அடைந்தது. மேலை நாடுகளில் ஒரு பக்கத்துக்கு அறுவர் ஆட, ஜப்பானிலோ ஒன்பதின்மர் ஆடும் முறை நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947-இல் பாரிஸ் நகரில் அனைத்துலகக் கைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. அறுவர் ஆட்டமே உலகப் போட்டிகளுக்கு உரியதாயிற்று. மகளிருக்கான முதல் உலகப் போட்டி 1952-இல் மாஸ்கோவில் நடந்தது. எட்டு நாடுகளே பங்குகொண்ட அப்போட்டியில் நம் இந்திய மகளிர் அணியும் ஆடியது. எட்டாம் இடமே கிட்டியதாயினும், ஜப்பானிய மகளிர் உலக அரங்கில் காலடி வைக்குமுன்பே நம் பெண்கள் அங்குச் சென்று ஆடினர் என்பது பலரும் அறியாத செய்தி.

இனி அந்த நூற்பாலைக்கு வருவோம். ஒசாக்கா வட்டாரம் ஜப்பானியப் பருத்தித் தொழிலின் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்குள்ள ஆலைகளில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் சிற்றூர்ப் பெண்களேயாவர். உழவர் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து அவர்தம் பெண்மக்களை ஆலை முகவர்கள் அழைத்து வந்தனர். ஆலை மதிலுக்குள்ளேயே விடுதி, இரவுப் பணி, பஞ்சுத் தூசு, அதனால் வந்த காசநோய். இவர்களது துன்பத்தை ஹொசோய் வகிசோ என்னும் தொழிலாளி 1925-இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டபோது ஜப்பானியர் மனம் கலங்கினர். ஆலைச் சட்டம் 1911-இல் இயற்றப்பட்டு 1916-இல் நடைமுறைக்கு வந்தும், பெண்களின் இரவுப் பணி 1929-இல்தான் நின்றது.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடையதாகத் தோன்றாது. ஊருக்குப் பணம் அனுப்புவதும், விடுதியறையில் நால்வரோடு ஒருவராகப் படுத்துறங்குவதும், தன் பேச்சைப் பேசும் ஒருவரைக் கண்டால் மகிழ்வதும் எந்நாட்டுத் தொழிலாளிக்கும் பொதுவானவை.

போருக்குப் பின்னர் ஆலை விடுதிகளின் நிலை மாறியது. பெண்களை வேலைக்கு ஈர்க்கவும், வந்தவர்களை நிலைக்கச் செய்யவும், ஆலைகள் தையலும் மலர் அலங்காரமும் கற்பித்தன. விளையாட்டுக்கும் வகை செய்தன. கைப்பந்துக்கு வேண்டியவை ஒரு முற்றமும் ஒரு வலையும் ஒரு பந்துமே. ஆகவே அது ஆலைதோறும் வேரூன்றிற்று. ஆலைக்கு ஆலை போட்டி எழுந்தது. டாய் நிப்பான் நூற்பாலை நிறுவனம் 1918-இல் உருவானது. சுருக்கமாக நிச்சிபோ எனப்பட்டது. அந்நிறுவனம் தன் பல ஆலைகளிலும் சிதறிக் கிடந்த நல்ல ஆட்டக்காரிகளைக் கைஸுகா ஆலையில் ஒன்றுசேர்த்தது. அவ்வணிக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பு 1954-இல் டைமாட்சு ஹிரோபுமி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

டைமாட்சு 1921-இல் பிறந்தவர். கல்லூரியில் கைப்பந்து ஆடியவர். 1941-இல் நிறுவனத்தில் சேர்ந்த சிறிது காலத்திலேயே படையில் சேர்க்கப்பட்டார். 1944-இல் பர்மாவிலிருந்து இம்பாலை நோக்கி நடந்த படையெடுப்பில் அவர் ஒரு சிறுபடைப் பிரிவின் தலைவர். நம் மணிப்பூர் மலைகளில் ஜப்பானியப் படை உணவின்றியும் மருந்தின்றியும் அழிந்த கதை வரலாறு அறிந்தது. அதே போர்முனையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் நின்றது. மலேயாவிலிருந்து சேர்ந்த தமிழர் பலர் அந்த ராணுவத்தில் இருந்தனர். அந்தப் பின்வாங்கலில் பிழைத்து மீண்ட சிலருள் டைமாட்சு ஒருவர். உடல் ஓய்ந்த பின்பும் மனம் உறுதியாக நின்றால் மனிதன் நடப்பான் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது அங்கேதான் என்பர். நன்மைக்கோ தீமைக்கோ, அவ்வெண்ணத்தையே அவர் பயிற்சிக் கூடத்திற்கும் கொண்டுவந்தார்.

அணியின் பெண்கள் பகலில் ஆலையின் அலுவலகப் பணியாளர்கள். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். பிற்பகலில் வேலை முடிந்ததும் பயிற்சிக் கூடத்துக்குச் செல்வர். அங்கு நள்ளிரவு வரை பயிற்சி. சில நாட்களில் அதற்கு மேலும் நீளும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மீண்டும் அலுவலக மேசை. டைமாட்சுவும் அவ்வாறே பகலில் ஆலை அலுவலர், இரவில் பயிற்சியாளர்.

ஐரோப்பிய மகளிர் உயரத்திலும் உடல் வலிமையிலும் மிக்கவர். அவர்கள் வலைக்கு மேலெழும்பி அடிக்கும் பந்தைத் தரையில் விழவிடாமல் எடுப்பதே ஜப்பானியருக்கு முதற்கடமை. இதற்கு டைமாட்சு வகுத்த உபாயம் உருண்டெடுத்தல் என்பதாகும். நம் தஞ்சாவூர்ப் பொம்மையை ஒத்த பொம்மை ஒன்று ஜப்பானிலும் உண்டு. எப்பக்கம் தள்ளினும் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்துவிடும் அப்பொம்மையே அவருக்குக் குறிப்புத் தந்தது. பந்தை நோக்கிப் பாய்ந்து, கையால் அதனை எழுப்பிவிட்டு, விழுந்த வேகத்திலேயே தோள்மீது உருண்டு எழுந்து அடுத்த பந்துக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். கேட்பதற்கு எளிது, பழகுவதற்கு அரிது. பலகைத் தரையில் நூறுமுறை, இருநூறுமுறை விழுந்தெழுந்த பெண்களின் தோளும் இடுப்பும் கன்றிப்போயின. அழுதுகொண்டே ஆடினர் என்பதும், பயிற்சியாளர்மீதே சினங்கொண்டு பந்தை வீசினர் என்பதும் அன்றைய படச்சுருள்களில் காணக் கிடைக்கின்றன.

இவ்வணி முதலில் ஒன்பதின்மர் ஆட்டத்திலேயே தன் நாட்டுப் பட்டங்கள் அனைத்தையும் வென்றது. பின்னர் உலகம் ஆடும் முறையையே தாமும் ஆடுவதென முடிவு செய்து அறுவர் ஆட்டத்துக்கு மாறியது. 1960-இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் சோவியத் யூனியனுக்கு. 1961-இல் நிச்சிபோ அணி ஐரோப்பாவுக்குப் பயணம் சென்று, நாடு நாடாக ஆடி, இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஒன்றேனும் தோற்காமல் திரும்பிற்று. ஒரு நாட்டின் தேர்வணி அல்லாத, ஓர் ஆலையின் கழகம் இதனைச் செய்தது என்பதை ஐரோப்பியர் நம்ப மறுத்தனர்.

சோவியத் பத்திரிகைகள் முதலில் அவர்களைக் கீழ்த்திசைப் புயல் என்றன. பின்னர் ஏற்பட்ட பெயரே நிலைத்தது. அதனை ஜப்பானியர் தம் மொழியில் 'தோயோ நோ மஜோ' என்று பெயர்த்துக்கொண்டனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் ஒரு சிக்கலைத் தருகிறது. கீழ்த்திசைச் சூனியக்காரிகள் என்றால் வசையாகிவிடும். மந்திரவாதினிகள் என்றால் உயிரற்றுப் போகும். மாயக்காரி என்று நம் வீடுகளில் பாதி வியப்பும் பாதி செல்லமுமாகச் சொல்வதுண்டே, அதுவே ஓரளவு பொருந்தும். ஆயினும் அப்பெயரில் ஒரு குறையும் உண்டு. மாயம் என்ற சொல் உழைப்பை மறைத்துவிடுகிறது. நள்ளிரவுவரை விழுந்து எழுந்தவர்கள் பெற்ற திறனைத் தந்திரம் என்று கூறிவிட்டால், அதற்குக் கொடுத்த விலையை யாரும் கேட்கமாட்டார்கள்.

1962-இல் மாஸ்கோவிலேயே உலகப் போட்டி நடந்தது. நிச்சிபோ பெண்களை மையமாகக் கொண்ட ஜப்பானிய அணி, சோவியத் அணியை அதன் சொந்த மண்ணில் வென்று உலக வாகை சூடியது. அத்துடன் ஆட்டத்தை விட்டு விலகுவதென்றே அப்பெண்கள் எண்ணியிருந்தனர். தலைவி கசாய் மசாயே 1933-இல் பிறந்தவர். முப்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். பெண்கள் இருபத்தைந்துக்குள் மணம் முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்த சமூகம் அது. ஆனால் 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. அதில் மகளிர் கைப்பந்தும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் அணியாக ஆடிய முதல் விளையாட்டும் அதுவே. ஆலைக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. நாட்டின் பொருட்டு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆடுங்கள் என்று முன்பின் அறியாதவர்கள் எழுதினர். கசாயும் அவர் தோழியரும் தொடர்வதென முடிவு செய்தனர்.

அம்முடிவு முற்றிலும் அவர்களுடையதுதானா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 1964-இல் அமெரிக்க விளையாட்டு இதழ் ஒன்று, இப்பெண்களின் பயிற்சியை மனித மதிப்புக்கு ஒவ்வாதது என்று கண்டித்து எழுதியது. ஜப்பானிலும் கண்டனம் உண்டு. மறுபுறம், 1963-இல் டைமாட்சு எழுதிய 'என்னைப் பின்தொடர்ந்து வா' என்னும் நூல் பெருவிற்பனை ஆயிற்று. தொழிலாளர்களை உழைக்கச் செய்யும் வழியை அந்நூலில் நிறுவன மேலாளர்கள் தேடினர். பெண்கள் சிந்திய வியர்வை இவ்வாறு பிறருக்குப் பாடமாகவும் அறிவுரையாகவும் மாற்றப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒலிம்பிக் விழா 1964 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிற்று. மகளிர் கைப்பந்தில் ஆறு அணிகள். ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு சிக்கல். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டன. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் நம் நாட்டின் சோந்தி அவர்கள். அப்பூசலின் விளைவாக இந்தோனேசியா 1963-இல் தனியே ஒரு விழாவை நடத்தியது. அதில் ஆடிய வீரர் சிலர் டோக்கியோவில் தடை செய்யப்பட, வடகொரியா தன் குழுவினர் அனைவரையும் திருப்பி அழைத்துக்கொண்டது. மகளிர் கைப்பந்தில் அதன் இடத்தில் தென்கொரியா சேர்க்கப்பட்டு அணிகளின் எண்ணிக்கை ஆறாயிற்று.

ஜப்பானிய அணியின் பன்னிருவருள் பதின்மர் நிச்சிபோவினர். முதல் அறுவராக ஆடிய கசாய் மசாயே, மியாமோட்டோ எமிக்கோ, தனிடா கினுகோ, ஹண்டா யுரிகோ, மாட்சுமுரா யோஷிகோ, இசோபே சதா ஆகிய அனைவரும் அவ்வாலையைச் சேர்ந்தவரே. அமெரிக்கா, ருமேனியா, தென்கொரியா ஆகிய மூன்றையும் ஒரு சுற்றும் இழக்காமல் வென்றனர். போலந்திடம் மட்டும் ஒரு சுற்றை இழந்தனர். இறுதியில் சோவியத் அணி எதிர்நின்றது. மாஸ்கோ டைனமோவின் புல்டகோவா, பாக்குவின் இளமங்கை ரிஸ்கால் போன்றோர் அதில் இருந்தனர்.

அக்டோபர் 23-ஆம் நாள். அந்நாளை இந்தியராகிய நாமும் மறக்கவியலாது. டோக்கியோவின் கோமசாவா விளையாட்டுப் பூங்காவில் அன்று நம் ஹாக்கி அணி மொஹிந்தர் லால் அடித்த ஒரே கோலால் பாகிஸ்தானை வென்று தங்கத்தை மீட்டது. ஜப்பானியருக்கோ அந்நாள் துயரத்துடன் தொடங்கிற்று. தங்கள் மரபுக் கலையான ஜூடோவின் வரம்பற்ற எடைப் பிரிவில் நெதர்லாந்தின் ஹேசிங் ஜப்பானியரை வீழ்த்திவிட்டார். அன்று மாலை, அதே கோமசாவாவின் உள்ளரங்கில், நூற்பாலைப் பெண்கள் சோவியத் அணியை எதிர்கொண்டனர்.

முதல் சுற்று 15-11, இரண்டாவது 15-8. மூன்றாவது சுற்றில் ஜப்பான் 14-9 என்று முன்னேறியது. இன்னும் ஒரே புள்ளி. அக்கால விதிப்படி, பந்தைத் தொடங்கும் பக்கமே புள்ளி பெற முடியும். மற்றப் பக்கம் வென்றால் பந்தைத் தொடங்கும் உரிமை மட்டுமே அதற்குக் கிட்டும். ஆதலால் ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடையே நெடுநேரம் கழியக்கூடும். 10, 11, 12, 13 என்று சோவியத் அணி நெருங்கி வந்தது. தங்கத்துக்குரிய புள்ளி என்று வானொலியும் தொலைக்காட்சியும் மீண்டும் மீண்டும் அறிவிக்க, அப்புள்ளி மட்டும் வரவில்லை. கடைசியில் சோவியத் வீராங்கனை ஒருவரின் கை வலையைக் கடந்ததாக நடுவர் குழல் ஊத, 15-13 என்று ஆட்டம் முடிந்தது. அடித்து வென்ற புள்ளியாக இல்லாமல் எதிர்த்தரப்பின் பிழையால் கிட்டிய புள்ளியாக இருந்தமையால், தாங்கள் வென்றுவிட்டோம் என்பதை உணரவே அப்பெண்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

டோக்கியோ வட்டாரத்தில் அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் விகிதம் 66.8 எனக் கணக்கிடப்பட்டது. ஜப்பானில் ஒளிபரப்பான விளையாட்டு நிகழ்ச்சிகளுள் இதுவே இன்றளவும் உச்சம். அவ்வொலிம்பிக்கைப் பற்றி இச்சிகாவா கோன் இயக்கி 1965-இல் வெளிவந்த திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. பெண்கள் ஒருவரையொருவர் தழுவி அழுகின்றனர். டைமாட்சு மட்டும் தனியே, மகிழ்ச்சி எதுவும் முகத்தில் இன்றி நிற்கிறார்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். டைமாட்சு பதவி விலகினார். 1965-இல் பிரதமர் சூ என்லாயின் அழைப்பின்பேரில் சீனா சென்று அந்நாட்டு மகளிருக்குச் சிறிது காலம் பயிற்சி அளித்தார். 1968-இல் ஜப்பானிய மேலவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978-இல் காலமானார். கசாய் 1965-இல் மணம் புரிந்தார். அம்மணம் பிரதமர் சாட்டோவின் முயற்சியால் கைகூடியது. பின்னர் அவர் இல்லத்தரசியருக்குக் கைப்பந்து கற்பிப்பதில் ஈடுபட்டு, 2013-இல் தமது எண்பதாம் வயதில் மறைந்தார். முன்னோடிகள் விலகிய பின்னும் நிச்சிபோ கழகம் வென்றுகொண்டே இருந்தது; 1966-இல் யாஷிகா நிறுவன அணியிடம் தோற்கும்வரை தொடர்ந்து 258 ஆட்டங்களில் அது வாகை சூடியிருந்தது.

அந்நிறுவனம் 1969-இல் மற்றொன்றுடன் இணைந்து யூனிட்டிகா என்னும் பெயர் பெற்றது. நூல் தொழில் ஜப்பானை விட்டு மெல்ல நகர்ந்தது. 2000-இல் அணி டோரே நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. ஒன்பதின்மர் ஆடிய காலம் முதல் வளர்ந்த அக்கழகம் இவ்வாறு வேறொரு பெயரில் தொடர்ந்தது.

2021-இல் ஷூலியன் ஃபரோ என்னும் பிரெஞ்சு இயக்குநர், அன்று உயிருடனிருந்த ஆட்டக்காரிகளைச் சந்தித்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். முதுமை எய்திய அப்பெண்கள், தாங்கள் அடிமைகளாக ஆடவில்லை, விரும்பியே ஆடினோம் என்ற கருத்தையே வெளியிட்டனர். அவர்கள் சொல்லை நாம் மதிக்க வேண்டும். அத்துடன், அவ்விருப்பம் விளைந்த நிலத்தையும் காண வேண்டும். ஊரை விட்டு வந்த பெண்ணுக்கு அக்காலத்தில் திறந்திருந்த வாயில்கள் சிலவே. ஆலை வேலை, பிறகு மணம், பிறகு வீடு. இடையில் ஒரு வலையும் பந்தும் வந்தன. அதனைப் பற்றிக்கொண்டு அவர்கள் ரியோவையும் மாஸ்கோவையும் கண்டனர். தங்கள் பெயரை நாடே உச்சரிக்கக் கேட்டனர். அதற்காகக் கொடுத்த உழைப்பு அளவு கடந்தது என்பதும் உண்மை. அது அவர்களுக்கு ஒரு வாழ்வைத் தந்தது என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் வரலாறு நிறைவு பெறாது.

ஐரோப்பியக் கழகங்களின் கோப்பை இன்றும் வேறு பெயரில் நடந்து வருகிறது. நம் நாட்டிலும் ரெயில்வே, காவல்துறை முதலிய நிறுவனங்களின் அணிகளில் பெண்கள் வேலையும் ஆட்டமும் ஒருங்கே மேற்கொண்டு வருகின்றனர். அவர்களுள் நம் ஊர்ப் பெண்ணும் இருக்கக்கூடும். அடுத்த முறை அத்தகைய ஆட்டம் ஒன்றைக் காண நேர்ந்தால், புள்ளிப் பலகையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அப்பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கே தங்குகிறார்கள், நாளைக் காலை எத்தனை மணிக்கு அவர்களுக்கு வேலை என்பதையும் கேட்டறியுங்கள்.